மாஜோங் தாளில் ஓர் அகப்பக்கம்



சிரம்பானிலிருந்து கோலாலம்பூருக்குக் கொமுட்டர் இரயிலில் வருபவர்கள் தீரோய் நிலையத்தைத் தாண்டியதும் லாபுவைக் காண்பார்கள். அதற்கு அடுத்தது நீலாய். லாபுவில் இறங்குபவர்கள் அதிகமில்லை. ஆனால் சன்னலோரம் அமர்ந்திருப்பவர்கள் ஒன்றைக் கவனித்திருக்கலாம். இரயில் நகர நகர, செம்பனை மரங்கள் ஒரு கணம் ஒழுங்கில்லாமல் நிற்பதுபோல் தோன்றும். மறுகணம் நேர்க்கோடாக வரிசை கட்டி நிற்கும். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் எங்கோ ஒரு வரிசை நேராகத் தெரியும்.

இது தற்செயல் அல்ல. பழைய மரங்களைச் சாய்த்து மறுநடவு செய்யும்போது, கன்று மண்ணுக்குள் போவதற்கு முன்பே முளைக்குச்சிகள் போய்விடும். கயிறு பிடித்து, மூன்று குச்சிகளுக்கு இடையிலும் ஏறக்குறைய 9 மீட்டர் இருக்குமாறு முக்கோணமாக அளந்து அடிப்பார்கள். அந்த அளவில் ஒரு ஹெக்டருக்குச் சுமார் 143 கன்றுகள் நிற்கும். குச்சி தவறான இடத்தில் இருந்தால் பிடுங்கி வேறிடத்தில் அடிக்க ஒரு நிமிடம் போதும். கன்று வைத்தபிறகு தவறு தெரிந்தால், ஏறத்தாழ 25 ஆண்டுகள் அந்தத் தவறோடுதான் வாழவேண்டும். குலை வெட்டுபவருக்கும் இடைஞ்சல், அதைத் தள்ளிக்கொண்டு போகிறவருக்கும் இடைஞ்சல்.

அகப்பக்கம் வடிவமைக்கிறவர்களுக்கும் இப்படியொரு முளைக்குச்சி உண்டு. அதன் பெயர் வயர்ஃபிரேம். முப்பரிமாண உருவங்களைக் கணினி வெறும் கோடுகளாகக் காட்டும் முறையிலிருந்து வந்த பெயர். தமிழில் கோட்டு வரைவு என்று வைத்துக்கொள்ளலாம். வண்ணம் கிடையாது, படம் கிடையாது, அழகான எழுத்தும் கிடையாது. எது மேலே வரும், எது கீழே வரும், எதை அழுத்தினால் எங்கே போகும் என்பதை மட்டும் கட்டம் கட்டமாகக் காட்டும் தாள் அது.

இதற்கெல்லாம் ஒரு பேச்சு தேவையா என்று சிலர் நினைக்கலாம். வேலை கொடுப்பவர் கையை விரித்து, காசு இல்லை, நாள் இல்லை, ஆனால் எல்லாம் வேண்டும் என்று சொல்லும்போதுதான் இந்தத் தாளின் அருமை தெரியும். நம் பிள்ளைகள் பலர் இன்று இந்தத் தொழிலுக்கு வந்துவிட்டார்கள். தோட்டத்தில் பிறந்து, டிப்ளோமா படித்து, வாடகை அறையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அவர்களைத் தேடி வரும் முதல் வாடிக்கையாளர் பெரும்பாலும் பெரிய நிறுவனமாக இருப்பதில்லை. கோவில் நிர்வாகமோ, இளைஞர் மன்றமோ, தமிழ்ப்பள்ளியோதான் வரும்.

லாபுவுக்கே ஒரு கோட்டு வரைவுக் கதை உண்டு. 2009ஆம் ஆண்டு தொடக்கத்தில், மலிவுக் கட்டண விமானங்களுக்காக இங்கே ஒரு தனி நிலையம் கட்டப்படும் என்று செய்தி வந்தது. சைம் டார்பியும் ஏர் ஏசியாவும் சேர்ந்து, 160 கோடி வெள்ளி செலவில், தோட்ட நிலத்தில் அமைப்பதாகத் திட்டம். பலத்த விவாதம் கிளம்பியது. கே.எல்.ஐ.ஏ. அருகிலேயே இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று கேட்டார்கள். அந்த ஜனவரி முடிவதற்குள்ளேயே திட்டம் கைவிடப்பட்டது. பிறகு 2014 மே மாதம் கே.எல்.ஐ.ஏ. 2 திறக்கப்பட்டது. லாபு விமான நிலையம் நல்ல திட்டமா கெட்ட திட்டமா என்பது வேறு விவாதம். அது தாளில் இருந்தபோதே நின்றது. ஓடுபாதை போட்டபிறகு அந்த விவாதம் நடந்திருந்தால் செலவை யார் தலையில் கட்டுவது?

என் படம் எங்கே?

ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியை எடுத்துக்கொள்வோம். லாபுவில் பிரிவு 1, பிரிவு 4 என்று தோட்டப் பிரிவுகளின் பெயரையே தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உண்டு. இங்கே சொல்லப்போவது அவற்றின் கதை அல்ல. நாட்டில் எங்கும் நடக்கக்கூடிய ஒன்றைக் கற்பனையாக வைத்துப் பேசுகிறோம்.

பள்ளிக்கு அகப்பக்கம் வேண்டும் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் முடிவு செய்கிறது. அந்தத் தோட்டத்திலேயே பிறந்து, வடிவமைப்புப் படித்த ஒரு பெண்ணைக் கூப்பிடுகிறார்கள். கோரிக்கைகள் வரிசையாக வருகின்றன. மூன்று வாரத்தில் விளையாட்டுப் போட்டி, அன்று யாங் பெர்ஹோர்மாட் வருகிறார், அவர் கையால் திறக்கவேண்டும். பணம் ஐந்நூறு வெள்ளிக்கு மேல் முடியாது. மலாய், ஆங்கிலம், தமிழ் மூன்றும் வேண்டும். முகப்பில் யாங் பெர்ஹோர்மாட் வாழ்த்துரை, தலைமையாசிரியர் உரை, சங்கத் தலைவர் உரை, முன்னாள் மாணவர் சங்கச் செயலாளர் உரை. பள்ளிச் சின்னம் சுழலவேண்டும்.

அந்தப் பெண் ஒரு வாரம் கழித்து ஒரு தாளை விரிக்கிறாள். தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்க்கிறார்.

"என்னாம்மா இது, வெறும் கட்டமா இருக்கு? என் படம் எங்க?"

"ரெண்டாம் பக்கத்துல இருக்குங்க ஐயா."

"ரெண்டாம் பக்கம் யாரும்மா பார்ப்பா?"

இந்த இடத்தில் பல இளைஞர்கள் பின்வாங்கிவிடுகிறார்கள். சரிங்க ஐயா என்று சொல்லிப் படத்தை மேலே போட்டுவிடுவார்கள். வேலை முடிந்தது, காசு வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஐந்நூறு வெள்ளிக்கு யார் சண்டை போடுவார்?

ஆனால் அந்தப் பக்கத்தைத் திறக்கப்போவது யார் என்று கேட்டுப் பாருங்கள். தோட்டத்தை விட்டு நீலாயிலோ சிரம்பானிலோ தாமான் வீட்டுக்குக் குடிபோன ஒரு தாய். பிள்ளைக்கு அடுத்த ஆண்டு முதலாம் ஆண்டு. தமிழ்ப்பள்ளியில் போடலாமா, பக்கத்துத் தேசியப் பள்ளியில் போடலாமா என்று வேலை முடிந்து வந்த இரவில் கைப்பேசியில் தேடுகிறாள். அவளுக்குத் தெரியவேண்டியது மூன்றே மூன்று: பள்ளி எங்கே இருக்கிறது, எங்கள் தாமானுக்கு வேன் வருமா, பதிவுக்கு யாரைக் கூப்பிடுவது. நான்கு வாழ்த்துரைகளைத் தள்ளித் தள்ளி அவள் கீழே போகவேண்டும் என்றால் பாதியில் மூடிவிடுவாள். 150 மாணவருக்கும் குறைவாக இருக்கும் பள்ளிகளைக் குறைந்த மாணவர் பள்ளி என்று கல்வியமைச்சு வகைப்படுத்துகிறது. தோட்டப் பள்ளிகளில் பல அந்தக் கணக்கில் வருபவை. ஒரு வகுப்பில் ஆறு பேர், ஏழு பேர் என்று எண்ணிக்கொண்டிருக்கும் பள்ளிக்கு ஒரு தாய் பாதியில் மூடிவிட்டுப் போவது சிறிய நட்டமல்ல.

இதைத் தலைவரிடம் எப்படிச் சொல்வது? வாயால் சொன்னால் மரியாதைக் குறைவாகப் படும். சாதாரணக் கைப்பேசித் திரையின் அளவுக்கு ஒரு தாளை வெட்டி, கட்டங்கள் வரைந்த நீளத் தாளை அதன் பின்னால் வைத்து மெதுவாக மேலே இழுத்துக் காட்டலாம். முதல் திரையில் ஒரு வாழ்த்துரையின் பாதிதான் தெரியும். இரண்டாவது, மூன்றாவது, நான்காவது. பள்ளித் தொலைபேசி எண் பன்னிரண்டாவது திரையில் வருகிறது. தலைவர் தாமே கணக்குப் போட்டுப் பார்த்துக்கொள்வார். தலைவர்கள் புரியாதவர்கள் அல்லர்; அவர்களுக்கு யாரும் காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

கட்டத்துக்குள் வண்ணம் போடாததற்கும் காரணம் உண்டு. ஊதா நிறம் பூசிக் காட்டினால் கூட்டம் முழுக்க ஊதாவா பச்சையா என்றே பேசும். கூட்டம் முடியும்போது வேன் விவரம் எங்கே என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நான்கு மொழி, பன்னிரண்டு பொத்தான்

தடைக்குள் வேலை செய்வது தமிழுக்குப் புதிதில்லை. 1995 அக்டோபரில் சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் இணையத்தில் ஏற்றும் ஒரு திட்டம் அந்நாட்டு அதிபர் ஓங் தெங் சியோங் கையால் தொடக்கம் கண்டது. நான்கு மொழிக்கும் இடம் வேண்டும் என்பது நிபந்தனை. அன்றைய கணினிகளில் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்து இல்லை. தேசியக் கல்விக் கழக விரிவுரையாளர் நா. கோவிந்தசாமியின் முயற்சியால் தமிழும் அந்தப் பக்கங்களில் ஏறியது. இணையத்தில் தமிழின் தொடக்கமாக இன்றும் அதையே பலர் குறிப்பிடுகிறார்கள். எழுத்தாளரான அவர் 1999இல் மறைந்தார்.

நம் நாட்டிலோ, கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1985 முதலே முரசு செயலியைக் கட்டி வந்தார். முரசு அஞ்சலில் மின்னஞ்சல் எழுதியவர்கள் இந்த அரங்கிலேயே இருப்பார்கள். அவர் சந்தித்த தடைகளில் வயர்ஃபிரேம் வரைகிறவர்கள் படிக்கவேண்டிய ஒன்று செல்லினம். 2005ஆம் ஆண்டு பொங்கலை ஒட்டி அது சிங்கப்பூரில் வெளியீடு கண்டது. அப்போதைய கைப்பேசிகளில் தமிழ் எழுத்துருவே இல்லை. செயலிதான் எழுத்தை வரைந்து காட்டவேண்டும். திரை உள்ளங்கையில் பாதி. தமிழில் 247 எழுத்து, கைப்பேசியில் 12 பொத்தான்.

குறுஞ்செய்தியின் அளவே ஒரு கதை. 1985இல் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லிபிராண்ட் என்ற ஜெர்மானியப் பொறியாளர், பான் நகரில் தம் தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்து மனத்தில் தோன்றிய வாக்கியங்களை அடித்து எழுத்துகளை எண்ணினார். பெரும்பாலும் எல்லாமே 160க்குள் அடங்கின. அதுவே உலக அளவாகிவிட்டது. ஆனால் அது ரோமன் எழுத்துக்காரர்களின் 160. யூனிகோடில் அனுப்பினால் அதே செய்தியில் 70 குறியீடுகளுக்குத்தான் இடம். அதிலும் நமக்கு ஒரு சங்கடம். 'லாபு' என்று எழுதினால் கண்ணுக்குத் தெரிவது இரண்டெழுத்து. கணினிக்கு அது நான்கு: ல, அதன் கால், ப, அதன் உகரக் குறி. 'சிங்கப்பூர்' ஆறெழுத்து, கணக்கில் பதினொன்று. மலாயில் சொன்னால் ஒரு செய்திக்குள் முடிவது தமிழில் இரண்டு செய்தி, இரண்டு கட்டணம். ஜெர்மனியில் ஒரு மேசையில் எண்ணிய எண்ணிக்கையில் தமிழ் இல்லை.

தமிழ் நாளேடுகளின் அகப்பக்கங்களும் அன்று பட்ட பாடு கொஞ்சமில்லை. 1515 எண்ணைக் கூப்பிட்டு, மோடம் கீச்சிட்டுக்கொண்டிருக்கும் காலம். நொடிக்கு ஐந்து கிலோபைட் வந்தாலே அதிர்ஷ்டம். 100 கிலோபைட் படம் ஒன்று இறங்க இருபது நொடி. ஆளுக்கொரு எழுத்துரு வேறு. ஒன்றுக்குப் பதிவிறக்கம் செய்தது இன்னொன்றுக்கு உதவாது. திரை முழுக்கக் கேள்விக்குறியும் கட்டமுமாகத் தெரியும். அன்று பக்கம் அமைத்தவர்கள் படம் வேண்டுமா, செய்தி வேண்டுமா என்று ஒவ்வொரு கிலோபைட்டுக்கும் யோசித்தார்கள். இன்று வேகம் கூடியதும் அந்த யோசனை போய்விட்டது.

யூனிகோடு வந்தபிறகு எழுத்துச் சிக்கல் தீர்ந்தது. இடச் சிக்கல் தீரவில்லை. மலாயில் 'டஃப்தார்' என்று ஆறு ரோமன் எழுத்தில் முடிவது தமிழில் 'பதிவு செய்யுங்கள்' ஆகிறது. 'ஹோம்' என்பதற்கு முகப்பு என்று வைத்துத் தப்பிக்கலாம். 'தொடர்பு கொள்ளுங்கள்' பொத்தானை விட்டு வெளியே வழியும். தமிழ் எழுத்துக்கு மேலேயும் குறி உண்டு, கீழேயும் குறி உண்டு. ஆங்கில வரிகளுக்கு விடும் இடைவெளி விட்டால் மேல்வரியின் உகரமும் கீழ்வரியின் இகரமும் இடித்துக்கொள்ளும். ஆகவே கோட்டு வரைவில் 'லோரெம் இப்சம்' என்ற அர்த்தமில்லா இலத்தீனை நிரப்பி வைக்கிற பழக்கம் நமக்கு ஆகாது. மூன்று மொழிப் பக்கம் என்றால் முதலில் தமிழை வைத்து வரையவேண்டும். தமிழ் நிற்கும் பெட்டியில் மலாயும் ஆங்கிலமும் தாராளமாக நிற்கும். நம்மவர்களே பலர் ஆங்கிலத்தில் வரைந்து முடித்துவிட்டுக் கடைசி நாளில் தமிழைத் திணிக்கிறார்கள். பிறகு, தமிழில் அழகாக வரவில்லை, எடுத்துவிடலாமா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி எரிச்சலூட்டக் கூடியது.

கடைசி நேர ஆணை

பெரிய இடங்களிலும் இதே கதைதான். அமெரிக்க அரசாங்கம் 2013 அக்டோபர் 1ஆம் நாள் மருத்துவக் காப்புறுதிக்கான ஹெல்த்கேர் டாட் கவ் அகப்பக்கத்தைத் திறந்தது. முதல் நாளில் பதிவை முழுமையாக முடித்தவர்கள் ஆறே பேர் என்று பின்னர் வெளியான குறிப்புகள் காட்டின. கோளாறுகள் பல. அவற்றில் ஒன்று நம் பேச்சுக்கு நேராக உரியது. காப்புறுதி விலைகளை முதலில் பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் கணக்குத் திறக்கலாம் என்பதுதான் முதலில் இருந்த ஏற்பாடு. திறப்பு விழாவுக்குச் சில வாரங்களுக்கு முன் அதை மாற்றி, கணக்குத் திறந்தால்தான் விலை தெரியும் என்று ஆக்கினார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர் உட்பட அத்தனை பேரும் ஒரே வாசலில் முட்டிமோதினார்கள், வாசல் அடைத்துக்கொண்டது. கோட்டு வரைவில் இது ஒரு அம்புக்குறியின் திசை மாற்றம். தாளில் மாற்றியிருந்தால் அழிப்பான் போதும்.

நம் நாட்டில் 2021 மே 26ஆம் நாளை மறந்திருக்க மாட்டீர்கள். அஸ்ட்ராஸெனெகா தடுப்பூசிக்கான இரண்டாம் சுற்று முன்பதிவு மதியம் 12 மணிக்குத் திறந்தது. 9 லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்கள் ஒரு மணி நேரம் சொச்சத்தில் முடிந்தன. ஆனால் பலருக்குப் பக்கம் கோளாறு என்றே காட்டியது. சிலருக்கு விவரம் எல்லாம் நிரப்பியும் அனுப்பும் பொத்தான் தெரியவில்லை. பொறுப்பிலிருந்த அமைச்சர் கைரி ஜமாலுடின் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஒரே நேரத்தில் இலட்சக்கணக்கானோர் வருவார்கள் என்றால், முந்தியவருக்கே இடம் என்ற முறையே வேண்டுமா என்று கேட்டிருக்கலாம். விண்ணப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு பிறகு நாள் ஒதுக்கலாம் அல்லவா? முந்துவதில் வேகமான இணைப்பும் நல்ல கைப்பேசியும் உள்ளவர்தான் வெல்வார். மதியம் 12 மணிக்கு வேலைக்காட்டில் இருந்தவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை.

சரி, அந்த ஐந்நூறு வெள்ளிப் பெண்ணிடம் திரும்புவோம். அவளிடம் விலையுயர்ந்த மென்பொருள் தேவையில்லை. பள்ளிக்கூடத்துக் குழு வேலைக்கு வாங்குவோமே, அந்த மாஜோங் தாள் போதும்; ஒரு பென்சில், ஓர் அழிப்பான். பாம் பைலட் என்ற கையடக்கக் கணினி 1996இல் சந்தைக்கு வருமுன், அதை உருவாக்கிய ஜெஃப் ஹாக்கின்ஸ் சட்டைப் பைக்குள் அடங்கும் மரக்கட்டை ஒன்றை வெட்டி, அதன்மேல் தாள் ஒட்டி, சாப்ஸ்டிக் குச்சியைச் சீவி எழுதுகோலாக்கி, எங்கு போனாலும் எடுத்துப் போனார். யாராவது ஒரு தேதியைச் சொன்னால் கட்டையை எடுத்துக் குறிப்பதுபோல் பாவனை செய்வார். பார்த்தவர்கள் சிரித்திருக்கலாம். பையில் அடங்குகிறதா, எத்தனை பொத்தான் வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு அந்தக் கட்டையிலேயே தெரிந்துவிட்டது.

வரைந்தபிறகு அதை யாரிடம் காட்டுவது? சங்கக் கூட்டத்துக்கு முன்பே ஐந்து பேரிடம் காட்டவேண்டும். ஜேக்கப் நீல்சன் என்ற ஆய்வாளர், ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பயன்பாட்டுச் சிக்கல்களில் ஏறக்குறைய 85 விழுக்காடு வெளிப்பட்டுவிடும் என்று 2000ஆம் ஆண்டில் எழுதினார். அந்த விழுக்காட்டை எல்லா இடத்துக்கும் அப்படியே பொருத்த முடியாது என்று மறுத்தவர்களும் உண்டு. இருந்தாலும் ஒருவரிடமும் காட்டாமல் இருப்பதைவிட ஐந்து பேர் எவ்வளவோ மேல். பள்ளி வேன் ஓட்டுநர், சிற்றுண்டிச்சாலை அக்கா, பேரனைக் கூட்டிவரும் பாட்டி, புதிதாக மாற்றலாகி வந்த ஆசிரியை, கடையில் நிற்கும் ஓர் அப்பா. 'வேன் வருமான்னு பாருங்க பாட்டி' என்று சொல்லித் தாளை நீட்டி, வாயை மூடிக்கொண்டு நிற்கவேண்டும். விரல் எங்கே போகிறது என்று கவனிக்கவேண்டும். இங்கே அழுத்துங்க பாட்டி என்று உதவிசெய்தால் சோதனை கெட்டது. இதுதான் மிகக் கடினம். நம்மவர்களுக்குப் பாட்டி தடுமாறும்போது சும்மா நிற்க வராது.

கூட்டத்தில் நிபந்தனைகளை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. மாற்றவே முடியாதது எது, ஆசை எது? விளையாட்டுப் போட்டியின் தேதி மாறாது. ஐந்நூறு வெள்ளி ஆயிரமாகாது. மூன்று மொழி என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. சுழலும் சின்னம் ஆசை. நான்கு உரை என்பதும் ஆசைதான். ஆனால் ஆசை என்று முகத்துக்கு நேரே சொல்லவும் கூடாது. 'பள்ளியைப் பற்றி' என்ற பக்கத்தில் நால்வரின் படத்தையும் பெரிதாகவே போட்டு, யாங் பெர்ஹோர்மாட் திறக்கும்போது அந்தப் பக்கத்தைத் திரையில் காட்டிவிடலாம். இது தந்திரம் என்றால் தந்திரமே. தாய்க்கு முகப்பு, தலைவருக்கு இரண்டாம் பக்கம்.

இவ்வளவுக்கும் பிறகு யாரும் கேட்காத ஒரு கேள்வி மிச்சமிருக்கிறது. திறப்பு விழா முடிந்து, அந்தப் பெண்ணும் வேறு வேலைக்குப் போனபிறகு, பக்கத்தை யார் புதுப்பிப்பது? வேன் ஓட்டுநர் மாறுவார், தொலைபேசி எண் மாறும், தலைமையாசிரியர் மாற்றலாவார். தமிழ்ப்பள்ளிகள், கோவில்கள், மன்றங்கள் என்று நம் அகப்பக்கங்களைத் தேடிப் பாருங்கள். 'அண்மைச் செய்திகள்' என்ற பெட்டிக்குள் பத்து ஆண்டுக்கு முந்தைய பொங்கல் விழாவின் படம் இருக்கும். அதைப் பார்க்கும் தாய் பள்ளி இன்னும் நடக்கிறதா என்றே சந்தேகப்படுவாள். வாரம் ஒருமுறை எழுத ஓர் ஆசிரியர் பெயரை அந்தக் கூட்டத்திலேயே எழுதிக்கொள்ள முடிந்தால் பெட்டியை வரையலாம். இல்லையென்றால் அந்தப் பெட்டியை மாஜோங் தாளில் வரையாமலே விட்டுவிடட்டும்.